பத்தாயிரம் கிலோமீட்டர் குறைந்த பூமி

ஜனவரி 27

தம்பிக்கு அக்கா எழுதுவது,

நான் வந்து சேர்ந்து இருபது நாளாகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். அப்பாவைப் பார்த்துக்கொள்பவர் எப்படி இருப்பார் என்பது ஆறு வருடமாக எனக்குத் தெரியும். அப்பா எப்படி இருக்கிறார் என்று எழுது.

போன் செய்வதாக இல்லை. மூலைக்கடைக்காரர் ரிசீவரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று கேட்பார். நான் உன்னைத் திட்டுவது தெருவுக்கெல்லாம் தெரிய வேண்டாம்.

சொன்னதையே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. அவரைத் தூக்கும்போது அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கு, சட்டையைப் பிடித்து இழுக்காதே. மருந்து எண்ணெய் இடது தொடைக்கு மட்டும். கால் உடைந்தபோது கம்பி வைத்துத் தைத்த தழும்பின் மேல் படக் கூடாது. கைமணி அடித்தால் முதல் மணிக்கே போ. இரண்டாவது மணிக்குப் போனால் மூன்று நாள் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குளியலறைக்கு நடத்திக்கொண்டு போகலாமா என்று முயற்சி செய்து பார்க்காதே. நான் பார்த்துவிட்டேன், இருவரும் விழுந்தோம்.

இங்கே ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் காலை ஆறு முதல் இரண்டு வரை வேலை. வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பு. ஒரு அறிவியல் பாடத்தில் தேறினால்தான் ஆய்வக உதவியாளர் வேலைக்கு மனுப் போட முடியும். வேதியியல் நிரம்பிவிட்டது, உயிரியல் நிரம்பிவிட்டது. குமாஸ்தா, "வானியல்ல மட்டும்தான் இடம் இருக்கு. அறிமுகப் பாடம், சூரியக் குடும்பம். எடுத்துக்கறீங்களா?" என்றார். ஒரு குடும்பத்தை விட்டு ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வந்தால் இங்கேயும் ஒரு குடும்பம் காத்திருக்கிறது.

உன் மனைவியிடம் சொல், ஒரே ஒரு வருடம்தான். கைக்குழந்தையோடு அவளைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வந்தது உனக்குக் கஷ்டம் என்று தெரியும். உன் படகு எஞ்சின் பட்டறை எங்கேயும் ஓடிப் போகாது. ஆறு வருடம் என் முறை முடிந்தது, இது உன் முறை.

அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன்,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்குத் திட்டாதே. இங்கே எல்லாரும் சுகம், உன் சுகத்துக்கு எழுதவும்.

அப்பாவுக்குக் கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. கால் அப்படியேதான் இருக்கிறது. எண்ணெய் தேய்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறார். உன்னைப் பற்றிக் கேட்டார், நன்றாகப் படிக்கிறாள் என்று சொன்னேன்.

நீ பாட்டுக்கு நிம்மதியாகப் படி. இடையில் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றெல்லாம் நினைக்காதே. ரயிலில் போக வர நான்கு நாள் வீணாகும். சனிக் கிரகத்தைச் சுற்றி நிஜமாகவே வளையம் இருக்கிறதா, அல்லது படத்துக்காகப் போடுகிறார்களா? எழுது.

தம்பி

*

மார்ச் 4

தம்பிக்கு,

நான் நலம். என் கடிதத்துக்குப் பதில் எழுத உனக்கு நான்கு வாரம் ஆகியிருக்கிறது. உறை மேல் முகவரி எதிர்வீட்டுத் தையற்காரர் கையெழுத்து. அப்பாவைத் தனியே விட முடியாமல் அவரிடம் கொடுத்துப் போடச் சொன்னாயாக்கும், அது சரி. ஆனால் அந்த மனிதர் ரவிக்கைத் துணியையே மூன்று மாதம் வைத்திருப்பார், கடிதத்தை நம்பிக் கொடுக்கிறாயே.

அடுத்த கடிதத்தில் அப்பாவை இரண்டு வரி எழுதச் சொல். டெப்போவில் முப்பது வருடம் டைம் கீப்பராக இருந்தவருக்கு இரண்டு வரி எழுதுவது பெரிய வேலை இல்லை.

வளையம் நிஜம்தான். எல்லாம் பனிக்கட்டியும் கல்லுமாம். எங்கள் வகுப்பில் ஒரு பஸ் கண்டக்டர் இருக்கிறார். கிரகங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால், "புதன் போச்சு, வெள்ளி போச்சு, பூமி வருது, எறங்கறவங்க முன்னாடி வாங்க" என்கிறார். பாடம் நடத்தும் மேடம் சிரித்துவிட்டுப் பெரிய பெரிய எண்களைப் பலகையில் எழுதினார். நான் அவற்றை எங்கள் சலவை இயந்திரத்தை வைத்துப் புரிந்துகொண்டேன். அதன் வட்டக் கதவு ஒரு மீட்டர் அகலம். அதைச் சூரியன் என்று வைத்தால், பூமி நோயாளிச் சட்டையின் பொத்தான் அளவு. அதை நூற்றேழு மீட்டர் தள்ளி ஆஸ்பத்திரிக் கேட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எனக்கு இந்தப் பாடம் பிடித்திருக்கிறது. முப்பத்தொன்பது வயதில் ஒன்று பிடித்திருக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

இப்போது நீ எனக்கு ஒரு வேலை செய்ய வேண்டும். செய்முறைப் பயிற்சி, கால்வாசி மதிப்பெண் அதற்குத்தான். வடக்கே ஒருவர், தெற்கே ஒருவர், ஒரே நாளில் நிழலை அளக்க வேண்டும். சரியாக ஒரு மீட்டர் உயரத்துக்குக் கம்பு நடு. நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு நேராக நிற்கிறதா என்று பார். மார்ச் 21, பகல் பதினொன்றே முக்காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலைக் குறி. எது மிகக் குட்டையோ அதை எழுதி அனுப்பு. எதற்கு என்று கேட்காதே. விளக்கினாலும் காதில் வாங்க மாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அக்கா

*

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நீ சொன்னபடியே செய்துவிட்டேன். மரக்கம்பு வளைந்திருக்கும் என்று இரும்புக் கம்பியாகவே அறுத்து, வெட்டவெளியில் நட்டு, நட் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். பதின்மூன்று முறை குறித்தேன். மிகக் குட்டையான நிழல் பதினைந்து சென்டிமீட்டர் எட்டு மில்லிமீட்டர். வெயிலில் மண்டை காய்ந்துவிட்டது. நீ தேறாவிட்டால் உன் மேடத்திடம் நானே வந்து சண்டை போடுவேன்.

அப்பா சுகம். அவருக்குக் கை நடுங்குவதால் எழுதவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 4

தம்பிக்கு,

நான் நலமாக இல்லை. பற்றிக்கொண்டு வருகிறது.

நான் இங்கே மொட்டை மாடியில், காயப்போட்ட முந்நூறு படுக்கை விரிப்புகளுக்கு நடுவில் இடம் பிடித்து, சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அளந்தேன். நாற்பத்தாறரை சென்டிமீட்டர். உன் நிழலையும் என் நிழலையும் கோணமாக மாற்றிக் கழித்தால் பதினாறு டிகிரி வருகிறது. இரண்டு ஊருக்கும் நடுவே தெற்கு வடக்காக ஆயிரத்து முந்நூற்று முப்பது கிலோமீட்டர். பதினாறு டிகிரிக்கு இவ்வளவு தூரம் என்றால் முழு வட்டத்துக்கு எவ்வளவு? அதுதான் பூமியின் சுற்றளவு. புத்தகத்தில் நாற்பதாயிரம் கிலோமீட்டர். எனக்கு வந்தது முப்பதாயிரம்.

மேடம் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: பூமியில் பத்தாயிரம் கிலோமீட்டரைக் காணோம், மறுபடி அளக்கவும். வகுப்பே சிரித்தது. கண்டக்டர் வேறு, "அக்கா, சில்லறை பாக்கி வெச்சுட்டீங்க" என்கிறார்.

என் அளவை மேடம் சரிபார்த்துவிட்டார், அதில் தப்பில்லை. தப்பு உன்னுடையது. நட் கட்டித் தொங்கவிட்டேன், பதின்மூன்று முறை குறித்தேன் என்று என் காதில் பூச்சுற்றாதே. டீ குடிக்கப் போய்விட்டு வந்து வாய்க்கு வந்த எண்ணை எழுதியிருக்கிறாய். ஆறு வருடத்தில் நான் உன்னிடம் கேட்ட முதல் உதவி இது. ஏப்ரல் 13 அன்று மறுபடி அள. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இந்த முறையும் ஏனோதானோவென்று செய்தால் எனக்கு இனி எழுதாதே.

அப்பாவுக்கு எப்போதிருந்து கை நடுங்குகிறது? டாக்டரிடம் சொன்னாயா? நான் கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லத் தெரியாதா உனக்கு?

அக்கா

*

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

என் மேல் சத்தியம், நான் அன்றைக்கும் ஒழுங்காகத்தான் அளந்தேன். நீ பேசிய பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் கம்பியைத் தூக்கிக் கடாசியிருப்பார்கள்.

நேற்று மறுபடி அளந்தேன். கேட்டால் நம்பமாட்டாய். நேரம் ஆக ஆக நிழல் குட்டையாகிக்கொண்டே வந்தது. விரல் நீளம், நகம் நீளம், அப்புறம் ஒன்றுமே இல்லை. கம்பியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினேன். என் நிழலும் என் செருப்புக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. முப்பத்து நான்கு வயது வரை வெயிலில்தான் வேலை பார்க்கிறேன், ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை. பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். ஆகவே நிழல் பூஜ்யம் என்று எழுதிக்கொள். இதில் ஒரு மில்லிமீட்டர் பொய் இருந்தால் என்னைச் செருப்பால் அடி.

அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. நீ கவலைப்படாதே.

தம்பி

*

மே 1

தம்பி என்று எழுதக் கை கூசுகிறது.

உன் கடிதத்தை மேடத்திடம் காட்டினேன். அன்றைக்கு என் நிழல் இருபத்தெட்டு சென்டிமீட்டர் ஏழு மில்லிமீட்டர். கழித்துப் பார்த்தார். மறுபடியும் பதினாறு டிகிரி.

"ஒரே தப்பை ரெண்டு தடவை இவ்வளவு சரியா யாராலயும் பண்ண முடியாதும்மா. உங்க தம்பி ரொம்ப நல்லா அளந்திருக்காரு. அவர் நிஜமாவே அந்த ஊர்லதான் இருக்காரா?" என்று கேட்டார்.

"வேற எங்க இருப்பான்? அப்பாவைப் பாத்துக்கறான்" என்றேன்.

அவர் ஒரு அட்டவணையை எடுத்து வைத்தார். சூரியன் இந்த மாதங்களில் நாளுக்கு நாள் கொஞ்சம் வடக்கே நகர்ந்து வருகிறது. எந்த ஊருக்குத் தலைக்கு நேர் மேலே வருகிறதோ, அந்த ஊரில் அன்றைக்கு நடுப்பகலில் நிழல் இருக்காது. நம் ஊருக்கு அந்த நாள் ஏப்ரல் 25. பதின்மூன்றாம் தேதி நம் ஊரில் கிட்டத்தட்ட ஏழு சென்டிமீட்டர் நிழல் இருந்தே ஆக வேண்டும். அன்று நிழல் இல்லாமல் போகும் இடம் நம் ஊருக்குத் தெற்கே நானூற்று நாற்பது கிலோமீட்டர். வகுப்பில் தொங்கும் வரைபடத்தில் நானே ஸ்கேலை வைத்தேன். முனை போய் நின்றது உன் துறைமுகத்தில்.

வெட்டவெளி என்று எழுதினாய். நம் வீட்டைச் சுற்றி ஏதடா வெட்டவெளி? பக்கத்தில் இருந்தவர்கள் என்றாய், யார் அவர்கள், பட்டறைக்காரர்களா? கடிதங்களை அங்கிருந்து தையற்காரருக்கு அனுப்பி, அவர் உறை மாற்றி இங்கே போட்டிருக்கிறார். அதனால்தான் ஒவ்வொரு பதிலுக்கும் அத்தனை நாள். எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறாய். இந்தப் புத்தியைப் படிப்பில் காட்டியிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பாய்.

நீ எங்கே வேண்டுமானாலும் இரு, எக்கேடும் கெட்டுப் போ. அப்பாவை யார் தூக்குகிறார்கள்? மணி அடித்தால் யார் போகிறார்கள்? அந்த மனிதர் நான்கு மாதமாக அந்த அறையில் தனியாகக் கிடக்கிறாரா? எண்ணெய் தேய்க்கிறேன் என்று எழுதினாயே, பாவி. சலவைக் கூடத்தில் ஈரத் துணியைப் பிழியும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டில்தான் கண்ணில் தெரிகிறது.

மே 15 ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். பரீட்சை 20ஆம் தேதி. அது போனால் இடமும் போகும், ஆய்வக வேலையும் போகும், தெரியும். போகட்டும். என் தலையெழுத்து உங்கள் இருவரோடு பிறந்தது.

*

மே 7

அக்காவுக்கு,

இந்த முறை என் ஊர் முத்திரையோடு நேராக உனக்கே அனுப்புகிறேன். படித்து முடிக்கும் வரை கிழித்துப் போடாதே. டிக்கெட்டை ரத்து செய், பரீட்சை எழுது. அப்பாவை யாரும் தூக்க வேண்டியதில்லை.

ஜனவரி 20ஆம் தேதி நான் மருந்து வாங்கக் கிளம்பினேன். சீட்டை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தேன். அப்பா ஸ்டூல் மேல் நின்று கூடத்துப் பல்பை மாற்றிக்கொண்டிருந்தார். எதையும் பிடித்துக்கொள்ளாமல், இரண்டு கையையும் தூக்கி, நன்றாக நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கத்திவிட்டேன்.

"கத்தாதடா, பல்பு விழுந்துடும்" என்றார். மாட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

"எத்தனை நாளா நடக்கறீங்க?"

"அது ஆச்சு, ஆபரேஷன் பண்ணி ஒரு வருஷத்துல சரியாயிடுச்சு."

"அக்காவுக்குத் தெரியுமா?"

அப்பா ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய் மூலையில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "உனக்கு இங்க என்ன வேலை? பொண்டாட்டி கைக்குழந்தையோட தனியா கெடக்கறா. நீ கெளம்பு. என்னை நான் பாத்துக்குவேன். அவகிட்ட மட்டும் வாயத் தொறக்காத."

"ஏம்ப்பா அவகிட்ட சொல்லக் கூடாது?"

"நீ போனா வருவ. அவளுக்கு இது தெரிஞ்சா, போனவ திரும்பி வர மாட்டா."

நான்கு நாள் கழித்து நான் கிளம்பிவிட்டேன். உன் முதல் கடிதமே தையற்காரர் மூலம் எனக்கு இங்கேதான் வந்தது. அக்குளுக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கு என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு உடனே உண்மையை எழுத உட்கார்ந்தேன். ஆறு வருடத்தை எந்த வார்த்தையில் எழுதுவது என்று தெரியவில்லை. குழந்தை என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. வாய்க்குப் பூட்டுப் போட்டால் நான் வீட்டில் இருக்கலாம் என்று இருந்துவிட்டேன். தப்புதான். நீ என்ன சொன்னாலும் தகும்.

நிழலை மட்டும் பொய்யாக எழுத மனது வரவில்லை. நீ பிடித்திருக்கிறது என்று எழுதிய பாடம் அது. சூரியன் இருக்கிற தூரத்துக்கு நம் நானூறு கிலோமீட்டர் எம்மாத்திரம், இங்கே அளந்தால் என்ன, அங்கே அளந்தால் என்ன என்று நினைத்தேன்.

தம்பி

*

மே 26

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், பரீட்சை எழுதிவிட்டேன். உன் மனைவியும் குழந்தையும் நலமென்று நினைக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போனேன். இஸ்திரி மேடையில் நின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்றவள் பயந்துபோய் சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். அப்புறம் அழுகை வந்தது, அதுவும் நின்றுவிட்டது. கோபம் மட்டும் நிற்கவில்லை, இன்றோடு பதினைந்து நாளாகிறது.

அப்பா எப்படிச் செய்திருப்பார் என்று இப்போது ஒவ்வொன்றாகத் தெரிகிறது. நான் கடைக்குப் போகும் நேரத்தில் எழுந்து நடந்திருக்கிறார். வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் போய்ப் படுத்திருக்கிறார். நான் பையைக் கீழே வைப்பதற்குள், "மணியடிச்சு மணியடிச்சுக் கையே போச்சு" என்பார். நான் மன்னிப்புக் கேட்பேன். மன்னிப்புக் கேட்டிருக்கிறேனடா, தினமும்.

பள்ளிக்கூட ஆய்வக வேலையை அவருக்காக விட்டேன். டெப்போ எலக்ட்ரீஷியன் என்னைப் பெண் கேட்டு வந்து இரண்டு வருடம் காத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? அப்பாவிடம் சொன்னபோது, "தாராளமா போம்மா. என்னைக் கொண்டுபோய் எங்கயாவது தள்ளிட்டுப் போ" என்றார். அப்போது அவரால் அந்த எலக்ட்ரீஷியன் வீடு வரை நடந்து போய் எனக்காகப் பேசிவிட்டு வந்திருக்க முடியும். அவரைத் தூக்கித் தூக்கி என் முதுகில் ஒரு எலும்பு விலகிவிட்டது. ஈர மூட்டையைத் தூக்கும்போது இப்போதும் சுளீர் என்கிறது. தூக்கத் தேவையில்லாத ஒருவரைத் தூக்கி என் முதுகு போயிருக்கிறது.

உன்னையும் விடப் போவதில்லை. அவர் ஐந்து வருடம் ஏமாற்றினார், நீ நான்கு மாதம். ஆனால் எனக்கு என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நீதான். தெரிந்துகொண்டு சனிக்கு வளையம் இருக்கிறதா என்று விசாரித்தாய். எனக்கு வந்த விடுதலையில் நீ பங்கு கேட்கவில்லை, முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். நிழலை உண்மையாக அளந்தாய் என்பதால் உன்னை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை, அது வேறு எரிச்சல்.

செய்முறைத் தாளில் உன் ஊரை மாற்றி, சரியான தூரத்தைப் போட்டு மறுபடி கொடுத்தேன். முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்தது. வகுப்பிலேயே மிக நெருக்கமான விடை. மேடம் கைகுலுக்கினார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது என்று அப்பாவிடம் நீயே போய்ச் சொல். நேரில் போய்ச் சொல். தையற்காரரிடம் கொடுத்தனுப்பாதே.

அக்கா

*

ஜூன் 18

பாசமுள்ள மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

நீ அங்கு சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் சௌக்கியம் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் தம்பி வந்தான். நீ கோபமாக இருப்பதாகச் சொன்னான். ஊர் உலகத்தில் பெற்றவர்கள் செய்யாததை நான் என்ன செய்துவிட்டேன் என்று தெரியவில்லை. நடுவில் கொஞ்ச நாள் கால் ஒத்துழைத்தது உண்மை. எழுந்தேன், நடந்தேன். அதை ஒரு பெரிய குற்றமாக அவன் உனக்கு எழுதியிருக்கிறான். உன் கையால் செய்வது போல எனக்கு யார் செய்தாலும் ஒத்துவரவில்லை. நீ வீட்டில் இருந்தவரை வீடு வீடாக இருந்தது.

இப்போது மறுபடி முடியவில்லை. அவன் வந்துவிட்டுப் போன மறுநாளே தொடையில் பிடித்துக்கொண்டது. எட்டு நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. மணியடித்தால் சுவர்தான் கேட்கிறது. உன் பரீட்சை முடிந்துவிட்டதாம், இனி அங்கே என்ன இருக்கிறது? நட்சத்திரத்தைப் பார்த்தது போதும். இந்தக் கடிதம் கண்டதும் கிளம்பி வா. நடந்ததை நான் பேசமாட்டேன், நீயும் பேச வேண்டாம்.

அப்பா

*

ஜூன் 27

அப்பாவுக்கு,

உங்கள் பதிவுத் தபால் நேற்று கிடைத்தது. நான் நலம். முதுகு மட்டும் வலிக்கிறது.

பரீட்சையில் தேறிவிட்டேன். முதல் தேதியிலிருந்து ஆய்வகத்தில் வேலை. மாலை வகுப்பில் இன்னும் இரண்டு வருடத்துக்குச் சேர்ந்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் வீட்டிலிருக்கும் கறுப்பு மையில் இருக்கிறது. எழுத்து அச்சடித்தது போல இருக்கிறது, கை நடுங்கவில்லை, சந்தோஷம். உறை மேல் என் முகவரி மட்டும் ஊதா மையில் இருக்கிறது. அதுவும் உங்கள் எழுத்துதான். அந்த ஊதா மை தபாலாபீஸ் ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் பேனாவில்தான் வரும். அது எழுத்துக்கு எழுத்து சொட்டும், உங்கள் உறையிலும் மூன்று இடத்தில் சொட்டியிருக்கிறது. உங்கள் ஓய்வூதியப் படிவங்களை நான்தான் அந்தப் பேனாவால் நிரப்பி வந்தேன், அதனால் தெரியும். அந்தக் கயிறு ஒரு முழத்துக்கு மேல் நீளாது. கட்டிலை விட்டு இறங்காமல் அதில் எழுத வேண்டுமென்றால் தபாலாபீஸிலேயே கட்டில் போட்டிருக்க வேண்டும்.

உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நேற்று சாயங்காலம் முழுவதும் அறையில் உட்கார்ந்திருந்தேன். வீதியில் இறங்கிச் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. நீங்கள் நன்றாக உடுத்திக்கொண்டு, அந்தப் படிகளில் ஏறி, வரிசையில் நின்று, என்னால் எழுந்திருக்க முடியவில்லை என்ற கடிதத்தை எடை போடக் கொடுத்திருக்கிறீர்கள்.

நீ போனால் நான் தனியாகிவிடுவேன், பயமாக இருக்கிறது, போகாதே என்று நீங்கள் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நான் இருந்திருப்பேன் அப்பா. அதற்குக் கால் உடைந்தே கிடக்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்டிருந்தால் போதும்.

இப்போது நான் வரவில்லை. நாளைக்கு நீங்கள் நிஜமாகவே விழுந்து கிடப்பதாக எழுதினாலும், கடிதத்தைப் படிக்கும் முன்னால் உறையைத்தான் திருப்பிப் பார்ப்பேன். பெற்ற அப்பாவின் கடிதத்தை அப்படிப் பார்க்கும் ஒருத்தியாக என்னை ஆக்கிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்